சாமையில் கல் பார்க்கும் வேலை

என் வாயால் மூன்று வேலைகளை இழந்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். திருப்பத்தூரில் துணிக்கடையில் இருந்தபோது ஒரு அம்மா மஞ்சள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எடுப்பாக இல்லை என்றேன். அவர் வேறு கடைக்குப் போனார், நான் வீட்டுக்குப் போனேன். அடுத்தது வீட்டுமனை விற்கிற ஆபீஸ். பஸ் வசதி உண்டா என்று போனில் கேட்டவரிடம், நான் ஒரு மணி நேரம் நடந்துதான் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவதைப் பற்றி எழுதினால் இப்போதும் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

கலசப்பாக்கம் பக்கம் எங்கள் ஊர். மூன்றாவது முறை பையோடு வாசலில் நின்றபோது அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டு வந்தால், அண்ணனின் செல்போன் கடையில் உட்கார்ந்து ரீசார்ஜ் பண்ண வேண்டியதுதான். அண்ணன் கடைக்கு ஜெயிலே தேவலை என்பது என் அபிப்பிராயம்.

அப்போதுதான் ஜமுனாமரத்தூரில் மலைப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற சாமை மில்லுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். மில்லைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். என் சர்டிபிகேட்டை அவர் தொடவே இல்லை. முன்பு பார்த்த வேலைகளை ஏன் விட்டாய் என்றுதான் கேட்டார். மறைக்கத் தெரியாமல் புடவைக் கதையை ஒப்பித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். மலையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவுமுறை. மாமன் கொண்டுவந்த மூட்டையில் கல் கிடந்தாலும், திருப்பி எடுத்துப் போ என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. போன வருஷம் அப்படி வாங்கி அரைத்து அனுப்பிய அரிசியை, கல் கடிக்கிறது என்று பட்டணத்துக் கடைக்காரர்கள் மொத்தமாகத் திருப்பிவிட்டார்கள். இந்த வருஷமும் திரும்பி வந்தால் மில்லை மூட வேண்டியதுதான்.

“எங்களுக்கு மொற இல்லாத ஆளு ஒருத்தி வேணும். இந்த மாதிரி ஒரு வாயும் வேணும். வர்றியாம்மா?” என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக என் வாயை ஒருவர் வேலைக்குக் கேட்டார். அன்றைக்கே அங்கே ஒரு ரூம் பார்த்துவிட்டேன்.

வேலை சுலபம். மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி சாமையை எடுத்து, எவர்சில்வர் தட்டில் தண்ணீர் விட்டு அரிக்க வேண்டும். சாமை தண்ணீரோடு வழிந்துவிடும். கல் இருந்தால் தட்டில் தங்கி, கிணுங் என்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். களத்தில் அடிக்கச் சோம்பல்பட்டு, கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுகிறவர்கள் உண்டு. அதன்மேல் பஸ் ஏறி இறங்கினால் மணி உதிர்ந்துவிடும், ஆனால் ரோட்டுக் கல்லும் மூட்டைக்குள் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களைத் தயவு பார்க்காமல் திருப்பி அனுப்பினேன். திட்டினார்கள். நானும் சளைக்கவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையையும் தட்டில் போட்டு அரித்துத்தான் பார்ப்பாயா என்று ஒரு பெரியவர் கேட்க, வரிசையே சிரித்தது. சாயங்காலம் ரூமுக்கு நடக்கும்போது எனக்கே தெரியாமல் பாடிக்கொண்டு போவேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாவது வாரம் அக்காவின் மூட்டை வந்தது.

அடியில் கைவிட்டு எடுத்து அரித்தேன். கிணுங். ஒன்றல்ல, நான்கு. வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் காலையில்தான் நான் திருப்பி அனுப்பியதால் வீட்டுக்குப் போய், புடைத்துக்கொண்டு வந்தவர்கள். திடீர் மழை, களம் நனைந்துவிட்டது, ரோட்டில்தான் போட்டோம் என்று அக்கா மெல்லச் சொன்னார். இந்த வேலையும் போனால் அண்ணன் கடைதான். தட்டை வெறுமனே ஆட்டிக்கொண்டே இருந்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“கல்லு இருக்குதுக்கா. எடுத்துட்டுப் போய் சுத்தம் பண்ணிக் கொண்டாங்க” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மூட்டையை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பையைக் கட்டிவைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக்கு வந்தாலும் வருவேன் என்றதும், போட்டுட்டியா சண்டை என்று கேட்டு வைத்துவிட்டாள்.

காலையில் மில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறலாம் என்று பையோடு மில்லுக்குப் போனேன். அக்கா வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தட்டை எடு என்று கையைக் காட்டினார். அரித்தேன். கிணுங்.

“இன்னும் ஒண்ணு கீதுக்கா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். “பை இன்னாத்துக்கு?”

வேலையை விட்டு அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

“உன்ன அனுப்பிட்டா, எங்க மாமனாரு மூட்டைய யாரு திருப்பி அனுப்பறது? அவரு நாளைக்கு வர்றாரு” என்று சொல்லிவிட்டு, முறத்தை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பையை மூலையில் வைத்துவிட்டு, நானும் ஒரு முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் அம்மாவே கூப்பிட்டாள். பஸ் ஏறிவிட்டாயா என்றாள். இல்லை, வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது சாமை அரிசி கொண்டுவருகிறேன் என்றேன்.

“அதுல கல்லு இருக்காதில்ல?” என்றாள்.

“இருக்காதும்மா.”

“நீ சொன்னா சரி” என்று போனை வைத்தாள். என் பேச்சை நம்பி அம்மா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.