மதிலைத் தாண்டிய கொப்பு

மாமா சவுதியிலிருந்து விடுமுறையில் வந்தபோது மற்ற மாமாக்களைப்போல் கசெற் றேடியோ கொண்டுவரவில்லை. ஒரு மெஷின் வாள் கொண்டுவந்தார். அங்கே ஏதோ பூங்காவில் மரம் கத்தரிப்பதுதான் அவருக்கு வேலை. பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. எட்டு வயதுப் பெட்டை நானே ஒரு கையால் தூக்கினேன். இது மரம் வெட்டுமா, மரக்கறி வெட்டுமா என்று கேட்டேன். மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பின்பக்கத்தில் ஒரு மாமரம் நின்றது. அதன் தடித்த கொப்பொன்று மதிலைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் போயிருந்தது. அதைத் திட்டாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது. சருகு கூட்டக் குனிஞ்சு நாரி முறியுது என்பார், முசுறு எறும்பு கடிக்குது என்பார், கான் அடைச்சுத் தண்ணி ஓடுதில்லை என்பார். ஆனால் மரம் தறிக்கவா என்று கேட்டு யாராவது கத்தியோடு வந்தால் மட்டும் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார். எனக்கு அது அம்மாவின் வழக்கமான முரண்டுகளில் ஒன்றாகவே பட்டது.

அம்மாவும் அப்பாவும் தெஹிவளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில் மாமா வேலையைத் தொடங்கினார். தன் அக்கா, அதாவது அம்மா, திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்பது அவருடைய திட்டம். கொப்பு விழுகிற பக்கம் என்பதால் பக்கத்து வீட்டு அங்கிளிடம் மட்டும் முறையாக அனுமதி கேட்டார். அவர் சிங்களவர், ஓய்வுபெற்றவர், அரைகுறையாகத் தமிழ் பேசுவார். கொப்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“நோனாவுக்குத் தெரியும்தானே?” என்று கேட்டார். அம்மாவை அவர் நோனா என்றுதான் சொல்லுவார்.

“ஓம், ஓம். அவவுக்குத்தான் இது பெரிய தலையிடி” என்றார் மாமா. அங்கிள் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார்.

மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்ததும் அந்தச் சின்ன வாள் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. கொப்பை வடத்தால் கட்டி, பட்டை கிழியாமலிருக்க முதலில் அடியில் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து இறக்கினார் மாமா. ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் கொப்பு நிலத்தில் கிடந்தது. நான் கைதட்டிக்கொண்டு துள்ளினேன்.

கல்யாணத்தால் திரும்பிய அம்மா தலைப் பூவோடு நேரே பின்பக்கம் வந்தார். இனிக் கூட்டத் தேவையில்லை என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கொப்பு இருந்த இடத்தில் தெரிந்த வெறும் ஆகாயத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. பட்டுச்சேலையோடு மரத்தூளுக்குள் அப்படியே குந்திவிட்டார். அம்மா செத்துப்போகிறார் என்று நான் பயந்துபோனேன்.

“என்னடா செய்துபோட்டாய்?”

“அக்கா, நீதானே ஒவ்வொரு நாளும்...”

“நீ அப்ப சவுதியிலை. உனக்கென்ன தெரியும்? கலவரத்திலை காடையர் கேற்றை உடைச்சுக்கொண்டு வரேக்கை, கைக்குழந்தையா இருந்த இவளை நெஞ்சோடை கட்டிக்கொண்டு இந்தக் கொப்பாலைதான் அங்கால இறங்கினனான். மதில் முழுக்கப் போத்தல் ஓடு. இனி ஒண்டு நடந்தா எதாலை போறது?”

மாமா வாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்பா முன்வாசலைப் பூட்டப் போனார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போக ஒழுங்கை இருக்கும்போது பெரிய மனுசி ஒருத்தி எதற்கு மரத்தில் ஏற வேண்டும்?

அடுத்த நாள் காலை மதிலில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. அங்கிள் ஏணியில் நின்று, தன் மதிலில் தானே பதித்த போத்தல் துண்டுகளைச் சுத்தியலால் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அங்கிள், இனிக் கள்ளன் லேசா ஏறி வருவான்” என்றேன்.

“வந்தா வரட்டும் மகள்.”

தட்டி முடித்ததும் மதிலின் மேற்பகுதியைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஏணியைத் தூக்கி எங்கள் பக்கத்தில் இறக்கி, மதிலோடு சாத்தி வைத்தார். “இது இங்கயே இருக்கட்டும் நோனா” என்றார்.

கள்ளனுக்கு ஏணியும் வைத்துக் கொடுக்கிற மனிதரை நான் அன்றுதான் கண்டேன். அடுப்படி வாசலில் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரும் கள்ளனுக்குப் பயந்துதான் அழுகிறார் என்று நினைத்தேன்.