அண்ணனின் அரைஞாணில் தொங்கிய சாவி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் ஒரு வருடம் ஓடிவிட்டது. அவரைப் பற்றித் தங்கையான என்னை எழுதச் சொன்னார்கள். நான் படித்தது கொஞ்சம், பேசுவது அதிகம். எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரத்தில். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. நிலம் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இல்லை. எருமை வளர்த்து, பாலைக் கேன்களில் ஊற்றி, சைக்கிளின் இருபுறமும் தொங்கவிட்டுப் போடிக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். எழுபதுகளில் அது சாலையா, பள்ளமா என்று போனவர்களுக்குத் தெரியும். மற்ற பால்காரர்களின் சைக்கிள்கள் சக்கரம் வளைந்து, கோட்டம் எடுக்க அடிக்கடி கடைவாசலில் நிற்கும். அண்ணனின் சைக்கிள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

சக்கரக் கம்பிகளைத் திருகும் சின்னச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். பால் ஊற்றிவிட்டு வந்ததும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் சேர்த்து அழுத்திக்கொண்டே சுற்றி வருவார். காபியெல்லாம் அப்புறம்தான். "ஒரு கம்பி சோம்பேறியா இருந்தா அதோட பாரம் பக்கத்துக் கம்பி தலையில விழும். அப்புறம் அதுவும் போயிரும்" என்பார். ஊதுபத்திக் குச்சி கனம்தான் இருக்கும். அந்தக் கம்பிகள் அத்தனை பாலையும் ஒரு ஆளையும் சுமந்து ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் உள்ளே பலகாரம் சாப்பிட, அண்ணனைக் காணோம். வாசலில் மாப்பிள்ளையின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "மாப்ளே, ஆளு நேரா இருக்கீக. வீலுதான் கோணலா ஓடுது" என்றார். அதைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் சம்பந்தம் பேச உள்ளே வந்தார். என் கணவர் ஏலத்தோட்டத்தில் கணக்கர். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சைக்கிளும் எங்களோடு மலைமேல் போடிமெட்டுக்கு ஏறியது.

மூத்த மகள் தவழத் தொடங்கியிருந்த சமயம், அவளைப் பார்க்க அண்ணன் மேலே வந்திருந்தார். அடைமழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து ஜீப்பு, பஸ்சு எதுவும் ஓடவில்லை. என் கணவர் தோட்ட வேலையாகக் கேரளப் பக்கம் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். மழை வெறித்து வானம் தெளிந்த காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. கைகால் இழுத்து, பிறகு அப்படியே துவண்டுவிட்டாள். போடி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அந்தச் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை.

அண்ணன் அதைக் கவிழ்த்தார்.

"அண்ணே, வெரசா கெளம்புண்ணே! பிள்ளை கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

"இரு ஆத்தா."

"நீயெல்லாம் மனுசனா? இப்பப் போயி கம்பியத் தடவிக்கிட்டு இருக்க!"

"மூணு உசுரு இது மேல ஏறுது. பாக்காம எறங்குனா பாதியிலதான் நிப்போம்."

அவர் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் விடவில்லை. பல கம்பிகள் தளர்ந்து கிடந்தன. சாவியால் திருகி இறுக்கிவிட்டுத்தான் என்னைப் பின்னால் ஏற்றினார்.

பிள்ளையை மாராப்புக்குள் பொதிந்துகொண்டேன். மண் சரிந்த இடத்தில் தோட்ட வேலைக்கு வந்து நின்ற ஆட்கள் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "சேச்சி, கொச்சினெ இங்கு தா" என்று மலையாளத்தில் கேட்டு ஒருவர் பிள்ளையை வாங்கிச் சேற்றைக் கடந்து கொடுத்தார். அதற்குக் கீழே ஒரு வளைவில் 'டக்' என்று சத்தம். பின்சக்கரத்தில் ஒரு கம்பி முறிந்து, ரிம் ஆடி, சட்டத்தில் உரசிச் சக்கரம் நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அண்ணன் பதறவில்லை. முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றினார். இன்னும் இறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ எதிர்ப்பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தினார். "இந்தப் பக்கம் ஒருத்தன் போயிட்டான். அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுக் குடுத்தாத்தான் ஓடும்" என்றார். சக்கரம் லேசாக ஆடியபடி, ஆனால் எதிலும் உரசாமல் சுற்றியது. மற்ற கம்பிகள் எல்லாம் எங்களைப் போடி வரைக்கும் தாங்கிக்கொண்டு வந்தன. அவர் காலையில் தொட்ட கம்பிகள்.

டாக்டர் ஊசி போட்டுச் சற்று நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதாள். அந்தச் சத்தம் கேட்டு, வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி அண்ணனும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாள் என் கையைப் பிடித்து, விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்காண்ணே?"

"ஒண்ணு தளர்ந்து கெடக்கு. நீ ஒழுங்காச் சாப்புடுறதில்ல" என்றார்.

அண்ணனை இரவு பகல் பார்த்துக்கொண்ட மதினிக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற ராசிங்காபுரத்து உறவுகளுக்கும், வந்து நின்ற பால்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்தத் தோட்டத்து ஆட்களுக்கும் நன்றி.

இன்று வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தாளே, அவள்தான் அந்தப் பிள்ளை.