மடிப்புக் கலையாத சேலைகள்

அருப்புக்கோட்டை நெசவாளர் சங்கத்தில் இருபது வருஷம் சேலை சோதித்தவர் சௌடையா. சேலையை வெயிலில் விரித்துப் பார்ப்பார். ஓர் இழை அறுந்திருந்தாலும், நெய்தவர் எவ்வளவு கெஞ்சினாலும், திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில், திருச்சுழி சாலையில் இருந்த முதியோர் இல்லத்துக்கு நன்கொடை தரும் சபை, அங்கே கவனிப்பு எப்படி என்று பார்த்து எழுத இந்தக் கறார் மனிதரை அனுப்பியது.

கஞ்சியில் கல் இல்லை. பாயில் ஈரம் இல்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருமே மடிப்புக் கலையாத, மொடமொடப்பான சேலையில் இருந்தார்கள். நம் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறார்களே என்று அவருக்குச் சுள்ளென்று ஏறியது.

"உண்மையச் சொல்லுங்கம்மா. நான் வாரேன்னுதான இன்னைக்கு இதைக் குடுத்தாக?" என்று லிங்கம்மாள் என்ற கிழவியிடம் கேட்டார்.

"இல்லையே. ரெண்டு வருசத்துக்கு முந்துன தீவாளிக்குக் குடுத்தாக."

"அப்பறம் ஏன் கட்டல?"

"யாராச்சும் பாக்க வந்தா கட்டுவோம்னு எடுத்து வச்சிருந்தோம்."

சௌடையா குனிந்து பார்த்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. புதுச்சேலை மடிப்பு அப்படி இருக்காது. இது எப்படித் தன் கண்ணுக்குத் தப்பியது?

தாளில் "உணவு நன்று, சுத்தம் நன்று" என்று எழுதினார். அடுத்து, "குறை" என்று எழுதியவருக்கு அதை யார் பேரில் போடுவதென்று விளங்கவில்லை. இல்லத்தின் பேரிலா? பெற்ற பிள்ளைகள் பேரிலா? இத்தனை வருஷம் இந்த வழியாகவே பஸ்ஸில் போய்வந்த தன் பேரிலா?

எழுதாமலே எழுந்தார். லிங்கம்மாள் கூப்பிட்டாள்.

"மறுக்கா எப்ப வருவீக, தம்பி? சேலையை மடிச்சு வைக்கணும்."