சென்சார் வேண்டாம் என்ற படங்கள்

எட்டு மாடி, மாடிக்கு ஆறு வீடு. அந்தக் கட்டடத்தில் யாராவது பிள்ளைகுட்டிகளோடு சினிமாவுக்குக் கிளம்புவதாக இருந்தால் முதலில் ஏழாம் மாடிக்குப் போய் சென்சார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சென்சார் என்பது கட்டடம் கூடி வைத்த பெயர். தொழில் லிப்ட் மெக்கானிக். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் வேலை முடிந்த கையோடு மாலைக் காட்சிக்குத் தனி ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார். சனிக்கிழமை காலையில் தீர்ப்பு வந்துவிடும். "போகலாம்" என்றால் போகலாம். "வேண்டாம்" என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, தான் பாஸ் போட்ட படத்துக்கே மனைவியைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தடவை போவார்.

உடனே சினிமாப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த நடிகருக்கும் அவர் விசில் அடித்தது கிடையாது. டைரக்டர் பெயரைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அவருக்குச் சினிமா என்பது ரிப்பேர் பார்த்த லிப்ட் மாதிரி. பழுது பார்த்த லிப்ட்டில் முதல் ஆளாக அவரேதான் ஏறுவார். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, மூன்று தடவை. அப்புறம்தான் மற்றவர்களுக்குக் கதவு திறக்கும். படத்துக்கும் அதே சட்டம்.

சிக்கல் என்னவென்றால் அவர் தீர்ப்புக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. ஒருமுறை இரண்டாம் மாடி டீச்சர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்துவிட்டார்.

"என்ன சார் இது, குடும்பத்தோட பாக்கலாம்னு சொன்னீங்க! இடைவேளைக்குள்ள பதினோரு பேரை வெட்டிட்டான். என் பொண்ணு பயந்து நடுங்கிட்டா."

"வெட்டுப்பட்டவன் பூரா அடியாளுங்க டீச்சர். வீட்டு ஆளு யாருக்காவது ஒரு கீறல் விழுந்துச்சா? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார். இன்னொரு சமயம், போஸ்டரில் ஒரு நாய்க்குட்டியும் கை நிறைய பலூனும் போட்டிருந்த படத்தை அவர் வேண்டாம் என்று தள்ளியபோது, கீழே மருந்துக்கடை வைத்திருப்பவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அதுல ஒரு முத்தம்கூட இல்லையாமே!"

"முத்தத்தால யாரும் செத்ததில்ல தம்பி. வேண்டாம்னா வேண்டாம்."

"அப்போ எதைத்தாண்ணே குடும்பப் படம்ங்கிறீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. பதில் எப்போதோ தயாராகிவிட்டது.

"படம் ஆரம்பிக்கும்போது ஒரு வீட்ல எத்தனை பேர் இருக்காங்களோ, 'சுபம்' போடும்போதும் அத்தனை பேரும் இருக்கணும். ஒரு தலை குறைஞ்சாலும் அது குடும்பப் படம் இல்ல. அவ்வளவுதான்."

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் புதிதாகக் குடிவந்தவர். பழைய ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. சென்சார் வீட்டில் ஒரு தலை குறைந்த கதை அவர்களுக்குத் தெரியும்.

ஒரே பையன். ஏழு வயது. வாண்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், கட்டடமும் அப்படித்தான் கூப்பிட்டது. லிப்ட்டில் எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கிவிட்டு ஓடுகிற பிள்ளை. மெக்கானிக் மகன் என்பதால் திட்டவும் முடியாது. ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் மட்டும் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு வருஷம் ஆகிறது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போய் ஒரு மாதம் இருக்கும். மனைவியின் அண்ணன், மனசு மாறட்டும் என்று நல்லெண்ணத்தில் ஒரு காமெடிப் படத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். முதல் பாதி முழுக்க சிரிப்புதான். இரண்டாம் பாதியில் கதாநாயகனின் அக்கா மகன் சைக்கிளில் தெரு முனையைத் திரும்பினான். எதிரே ஒரு லாரி வந்தது. மொத்தம் மூன்று நிமிஷக் காட்சி. அவள் இருட்டில் எழுந்து வெளியே போய்விட்டாள். இவர் தேடிக்கொண்டு ஓடினால், பாப்கார்ன் விற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு பொட்டலம். ஒன்று காரம் போடாதது. பழக்கத்தில் வாங்கிவிட்டாள். வாங்கின பிறகுதான் அது யாருக்கு என்று நினைவு வந்திருக்கிறது. அன்றைக்கு அந்தத் தாய் போட்ட சத்தத்தில் உள்ளே படம் பார்த்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். அதன் பிறகு பதினோரு நாள் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை.

அவர் அரண்டு போனார். மகன் போய்விட்டான், இவளும் போய்விடுவாள் என்று நினைத்தார். அந்த வாரமே வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் இருந்த பிள்ளையின் சாமான்களை எல்லாம் ஒன்று சேர்த்தார். புத்தகப் பை, அழுக்குக் கூடையில் கிடந்த பள்ளிச் சட்டை, ஷூ, மழைக்கோட்டு, பல் துலக்கும் பிரஷ் உட்பட. எட்டாம் மாடிக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் லிப்ட்டின் மெஷின் ரூம். அதன் சாவி அவரிடம் மட்டும்தான் உண்டு. அங்கே கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமைப் பரிசோதனை அப்போது ஆரம்பித்ததுதான்.

வீட்டுக்குள்ளும் அதே காவல். டிவியில் ஏதாவது குழந்தைக்குக் காய்ச்சல் வருகிற விளம்பரம் வந்தாலே ரிமோட்டைப் பிடுங்கிச் சேனலை மாற்றுவார். மனைவியின் கண் லேசாகக் கலங்கினால் போதும், "இரு, டீ போடறேன்" என்று அடுப்படிக்கு ஓடுவார். ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் போட்ட டீயை வைத்து ஒரு கடையே நடத்தியிருக்கலாம். பிள்ளையின் பெயரை அவர் வாய் உச்சரித்ததே இல்லை. ஒரு வருஷத்துக்குள் அவள் அழுவது நின்றுவிட்டது. அப்பாடா, தேறிவிட்டாள் என்று அவர் நம்பினார். அவ்வளவு நல்ல மனுஷனுக்கு அவ்வளவுதான் புரிந்தது.

அவருடைய அழுகை வேறு இடத்தில் நடந்தது. வாரத்துக்கு மூன்று தடவை "மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்புவார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பையை மடியில் வைத்து முகம் புதைத்துக்கொள்வார். பிள்ளையின் வாசனை அதில் இருந்தது. கீழே யாராவது பட்டனை அமுக்கினால் மோட்டார் உறுமும். அந்த இரைச்சலில்தான் வாய்விட்டு அழுவார். லிப்ட் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார். மறுபடி யாராவது அமுக்குகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். எட்டு மாடி ஜனங்கள் போகவர இருந்ததால் ஓரளவு அழ முடிந்தது.

இந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு தாயையும் அவளுடைய நோயாளி மகளையும் பற்றி ஒரு படம் வந்தது. கைக்குட்டை நனைகிற கதை. சனிக்கிழமை காலை டீச்சர் கேட்டதற்கு, "வேண்டாம். அந்தப் பக்கமே போகாதீங்க" என்றார். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் காதிலும் அது விழுந்தது.

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு அவருக்குப் போன் வந்தது. கடைத்தெருவில் தியேட்டர் இருக்கிற கட்டடத்தில் லிப்ட் மாட்டிக்கொண்டது, உள்ளே ஐந்து பேர். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தது. சாவி போட்டு மேல் மாடிக் கதவைத் திறந்தால், லிப்ட்டின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரையில் குப்புறப் படுத்து உள்ளே கையை நீட்டினார். "பயப்படாதீங்க, ஒவ்வொருத்தரா கையக் கொடுங்க."

முதலில் ஒரு பெரியவர். அப்புறம் மூக்கு சிவந்த இரண்டு காலேஜ் பெண்கள். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒருவர். எல்லாரும் அழுத முகங்கள். இவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். ஐந்தாவதாக ஒரு பெண்ணின் கை வந்தது. மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. பள்ளிக்கூடச் சட்டை தேய்க்கும்போது விழுந்த தழும்பு அது. அவருக்கு அந்த நாள்கூட நினைவிருக்கிறது.

இழுத்து மேலே ஏற்றினார். மனைவியின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. டிக்கெட் இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

யாரும் வராத பின்பக்கப் படிக்கட்டில் இருவரும் போய் உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா இது? இந்தப் படம் வேண்டாம்னு சொன்னேனே?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏம்மா..."

"நீங்க வேண்டாம்னு சொன்னதாலதாங்க வந்தேன்."

அவள் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்குப் புதன்கிழமை அரை நாள் லீவு. ஐந்து வருஷமாக அந்த அரை நாளில் அவள் தியேட்டருக்கு வந்துகொண்டிருந்தாள். அவர் தள்ளிவிட்ட படம் ஒன்றைக்கூட விட்டதில்லை.

"நீங்க பாஸ் போட்ட படத்துல எனக்கு என்ன இருக்கு? எல்லாரும் சிரிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிப்பாங்க. நீங்க தள்ளின படத்துலதான் நம்ம புள்ள மாதிரி யாராவது இருப்பான். நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? வாராவாரம் நீங்கதான் பாத்துட்டு வந்து சொன்னீங்க."

"உனக்குத் தாங்காதுன்னுதானேம்மா..."

"எனக்கா, உங்களுக்கா? நான் கண்ணைக் கசக்கினாலே உங்க மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுது. அதைப் பாத்துட்டு நான் எப்படி அழ? அங்க உள்ள எல்லாரும் அழுவாங்க. பக்கத்து சீட்டுல யாரோ மூக்கைச் சிந்துவாங்க. ஏன் அழறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. யாரும் டீ போடப் போக மாட்டாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"உங்களுக்கு மெஷின் ரூம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மெக்கானிக் பொண்டாட்டிங்க நான். வாரத்துக்கு மூணு தடவை எந்த லிப்ட்டுக்கும் எண்ணெய் போட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? பை அங்கதான் இருக்குன்னும் தெரியும். ஒரு நாளாச்சும் 'நீயும் வாம்மா'ன்னு கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். ஆறு வருஷம். அவன் என்னோட புள்ளையும்தானே?"

அவர் எழுந்து கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தத் தியேட்டர் லிப்ட்டை அவர் சரிசெய்த பிறகு, வழக்கமான மூன்று தடவை ஏறி இறங்குவதை வேறு ஆளிடம் விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. நேரே எட்டாம் மாடிக்குப் போனார்கள். இரும்புப் படியில் அவள் முன்னால் ஏற, இவர் பின்னால் ஏறினார். சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள்தான் திறந்தாள்.

மூலையில் நீலப் பை, ஒரு பட்டை பிய்ந்தது. அவள் தரையில் சப்பென்று உட்கார்ந்து அதை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். முகத்தை அதில் புதைத்து நீளமாக மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பையைத் திறந்து சட்டையை எடுத்து முகர்ந்தாள். மழைக்கோட்டை முகர்ந்தாள். ஷூவைக்கூட முகர்ந்தாள். அப்புறம் அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"கிரீஸ் வாசனைங்க."

"இல்லம்மா. நல்லாப் பாரு. அவன் வாசனைதான். நான்தான் வாராவாரம்..."

குனிந்து வாங்கி முகர்ந்தார். ஆறு வருஷமாக எதைப் பிள்ளையின் வாசனை என்று கட்டிக்கொண்டு அழுதாரோ, அது அந்த ரூமின் வாசனை. அவருடைய கையின் வாசனை. கிரீஸிலேயே வாழ்கிற மூக்குக்கு அது பிரிந்து தெரியவில்லை. அந்தச் சட்டையை வீட்டில் ஒரு பெட்டியில் மூடி வைத்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். பத்திரம் என்று கொண்டுவந்து வைத்து, உள்ளதையும் தானே அழித்துவிட்டார்.

"எம்புள்ள வாசனை எங்கங்க?" என்றாள் அவள். கோபமே இல்லை. தொலைந்த பொருளைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ போட எழுந்து ஓடவில்லை. கீழே யாரோ பட்டனை அமுக்கினார்கள், மோட்டார் உறுமியது. "வாண்டு..." என்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. "டேய் வாண்டு... அப்பாவ மன்னிச்சுடுடா..." அவள் அவர் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

லிப்ட் ஏதோ ஒரு மாடியில் போய் நின்றது. மோட்டார் ஓய்ந்தது. அவர் நிறுத்தவில்லை.