கத்திரி வெயிலில் சீட் ஹீட்டர்

1. உட்காராமல் ஓட்டியவர்

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில், ஒருவர் காரை உட்காராமல் ஓட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, பின்பக்கத்தைச் சீட்டிலிருந்து ஒரு சாண் தூக்கி வைத்திருந்தார். அடியில் ஈரத் துண்டு விரித்திருந்தது. கதவைத் திறந்ததும் அதிலிருந்து ஆவி வந்தது.

நான் திருவண்ணாமலையில் ரஹீம் பாய் கடையில் சேர்ந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. சீட் கவர், வயரிங், லைட் வேலை செய்கிற கடை. எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டினேன், பெங்களூரில் பஞ்சர் ஒட்டினேன், கால் போன போக்கில் போய்க் கடைசியில் மணாலியில் நின்றேன். அங்கே டாக்ஸிகளுக்குச் சீட் ஹீட்டர் போடும் கடையில் வேலை. தங்க இடம் கிடையாது. ரிப்பேருக்கு வந்த வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவேன். பாட்டரி இறங்கினால் குளிர் எழுப்பிவிடும். கால் விரலில் ஒரு நகம் போனது. மற்றபடி நல்ல ஊர்.

பாய் என்னை வேலைக்கு எடுத்தபோது, வேறு என்ன தெரியும் என்று கேட்டார். சீட் ஹீட்டர் வேலை தெரியும் என்றேன். அவர் வெளியே கொதிக்கிற தார் ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத வெளிய சொல்லாத. பாய் பைத்தியக்காரன வேலைக்கு வெச்சிருக்கான்னு பேசுவாங்க."

காரில் வந்தவர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. வடநாட்டில் ஓடிய பெரிய காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார்.

"பாய், இந்த வண்டி வாங்கினதுலேர்ந்து எனக்கு ஒடம்பு சூடு ஜாஸ்தி ஆயிடுச்சு," என்றார். "வெந்தயம் முழுங்குறேன். தொப்புள்ல வெளக்கெண்ண வெக்கிறேன். எளநி குடிச்சிக் குடிச்சி வயிறு குளமாட்டம் இருக்குது. வூட்ல நல்லாத்தான் இருக்கறேன். வண்டில ஏறுனா அடில நெருப்பு வெச்ச மாதிரி இருக்குது."

"ஏசி பாத்தீங்களா?"

"கேஸ் மாத்தியாச்சு. மூஞ்சில பனி கொட்டுது. பின்னாடிதான் எரியுது. டாக்டர்கிட்ட போனா மூலம்னு சொல்லி ஆயின்மென்ட் எழுதிட்டாரு. தடவிக்கினு உக்காந்தா இன்னும் ஜாஸ்தியா எரியுது."

பாய் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் முதுகிலும் தொடையிலும் இதமாகச் சூடு ஏறியது. என் உடம்புக்கு அது பழகின சூடு. கண்ணை மூடினால் பனிமலை தெரிந்தது.

"அண்ணா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுது."

ஏழுமலை என்னை நம்பவில்லை. "யோவ், வெந்நி போடுறது ஹீட்டரு. சீட்டுக்கு எவன்யா ஹீட்டரு வெப்பான்?"

2. பிள்ளையார் உட்கார்ந்த இடம்

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட் ஹீட்டர் பெரிய வித்தை இல்லை. சீட் கவருக்குக் கீழே, ஃபோமின் மேல், மெல்லிய மேட் ஒட்டியிருக்கும். அதற்குள் முடி மாதிரி வயர் வளைந்து வளைந்து ஓடும். அடியில் ஒரு மேட், முதுகுக்கு ஒரு மேட். அளவுக்கு மேல் சூடானால் தெர்மோஸ்டாட் நிறுத்தும், ஆறினால் மறுபடி ஓடவிடும். இதற்கு ஸ்விட்ச் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

நானும் தேடினேன். இந்த மாதிரி வண்டியில் கியருக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன் இருக்கும். ஒரு தடவை அமுக்கினால் உள்ளே போய் நின்றுவிடும். அந்த இடத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். பித்தளைப் பிள்ளையார், கனமான பீடம், கீழே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். பூஜை போட்ட அன்று நன்றாக அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பட்டனும் அவருடைய பீடத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்தன.

"சாமிய கொஞ்சம் நகத்தணும்," என்றேன்.

ஏழுமலை உடனே வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் மனைவியின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"பிள்ளையார் மேல கை வெக்கிறது எவன்? அவரு வந்த நேரந்தான் பொண்ணுக்கு வரனே வந்துச்சு. கல்யாணம் முடியிற வரைக்கும் ஒரு இஞ்ச் நகரக் கூடாது. அக்னி ஸ்தலத்துல பூஜ போட்ட வண்டிய்யா, கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். பொறுத்துக்க!"

போன் வைக்கப்பட்டது. ஏழுமலை தொய்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதுதான் முழு விஷயத்தையும் சொன்னார். மகள் பவித்ரா, கூடப் படித்த தினேஷைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். தினேஷின் அப்பா கோவிந்தராஜ், அடி அண்ணாமலை ஊர்க்காரர், ரிட்டையர்டு பஸ் டிரைவர். கறாரான ஆள். இன்னும் சரி என்று சொல்லவில்லை. போன வாரம் அவரை இதே காரின் முன் சீட்டில் உட்கார வைத்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்.

"கண்ண மூடிக்கினு வந்தாரு. வாயே தொறக்கல. சூடு தாங்காம கோவத்துல இருந்திருப்பாருப்பா. சனிக்கிழம நகை பாக்க மறுபடியும் இந்த வண்டில வராரு. அதுக்குள்ள அந்தச் சனியன வெளிய எடுத்துடு."

"வயர் சேர்ற கப்ளரக் கழட்டி வுட்டா போதும்ணா. மேட்டு உள்ளயே இருக்கட்டும்."

"உள்ள இருந்தா திரும்ப உயிர் வந்துடும். எடு!"

எடுத்தேன். டிரைவர் சீட் மேட் இரண்டும் பசையோடு ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டன. பக்கத்துச் சீட்டின் இரண்டு மேட்டும் முழுசாக வந்தன. அவற்றை என்ன செய்வது என்று பாய்க்குத் தெரியவில்லை. எறியவும் மனசு வரவில்லை. பக்கத்து டீக்கடை சங்கர், வடை ஆறிப்போகிறது என்று தினமும் புலம்புவான். பாய் ஒரு பழைய கார் பாட்டரியையும் மேட்டுகளையும் அவனிடம் கொடுத்தார். ஒரு மேட் வடைத் தட்டுக்கு அடியில், இன்னொன்று சுற்றி. மறுநாளிலிருந்து சங்கர் கடையில் எப்போது போனாலும் சூடான வடை. பஸ் ஸ்டாண்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

3. குறைந்துபோன மரியாதை

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"சீட்ல சூட்ட எடுத்த அண்ணன் நீங்கதானே?"

"ஆமாம்மா."

"திருப்பிப் போடுங்க."

பவித்ராதான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். முதல் தடவை கோவிந்தராஜ் கோபத்தில் கண்ணை மூடவில்லை. தூங்கியிருக்கிறார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி இடுப்பு தேய்ந்த மனிதர். வலியில்லாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்து பல வருஷமாகிறதாம். வீட்டுக்குப் போய், 'இந்தக் கோடையில எவன்டா சீட்ட சூடு பண்ணுவான்? என் இடுப்புக்காகவே ஏற்பாடு பண்ணியிருக்கான். பெரிய மனுஷன்டா' என்று தினேஷிடம் உருகியிருக்கிறார். சனிக்கிழமை ஏறி உட்கார்ந்தால் சீட் சில்லென்று இருந்திருக்கிறது. நகைக்கடை வாசலிலேயே இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

"இப்ப இன்னா சொல்றாரு தெரியுமா? 'சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே மரியாதைய கம்மி பண்ணிட்டான். சொன்னப்புறம் பஸ்ல வரச் சொல்லுவான்'னு சொல்றாரு. தினேஷ்தான் அவரு கால்ல விழாத குறையா கெஞ்சி நாளைக்குக் காலைல மண்டபம் பாக்க வரச் சொல்லியிருக்காரு. அதுவும் இந்தக் கார்லதான். நாளைக்கும் சூடு இல்லன்னா அவ்ளோதான்ணா."

கண் கலங்கியிருந்தது. ஆனால் பாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் குலுங்குவதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க பாய், என் வாழ்க்க!" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

"மேட்டு எங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் டீக்கடையைப் பார்த்தோம்.

சங்கர் வடைத் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "முடியாது பாய்! சூடு வட சங்கர்னு இப்பத்தான் பேர் வந்திருக்குது. குடுத்தத திரும்பக் கேக்கறது இன்னா நியாயம்?"

"டேய், ஒரு பொண்ணு கல்யாணம்டா."

"என் வட?"

பவித்ரா முன்னால் வந்தாள். "அண்ணா, எங்க நிச்சயத்துக்கு டீயும் வடையும் நீங்கதான் போடுறீங்க. மாப்பிள்ள வீட்டுக்கும் சேத்து."

சங்கர் தட்டைத் தூக்கினான். மேட் இரண்டும் எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருந்தன. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. எண்ணெய் போனது. வாசனை போகவில்லை. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன், கரண்ட் ஓடியது. மாலைக்குள் கார் வந்தது. ஃபோமில் மேட்டை ஒட்டி, கப்ளரைச் சேர்த்து, கவரை இழுத்து மாட்டினேன். ஸ்விட்ச் போட வேண்டிய வேலையே இல்லை. அதைப் பிள்ளையார் பார்த்துக்கொண்டார்.

4. முன் சீட்டில் கோவிந்தராஜ்

மறுநாள் காலை டூல் பையோடு என்னைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார் ஏழுமலை. "நடுவுல சூடு நின்னுச்சுன்னா நீதான் பொறுப்பு," என்றார். அடி அண்ணாமலையில் கோவிந்தராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, விறைத்த முகம்.

"ஏங்க, கிளம்பலாமா?" என்றார். ஏழுமலையை அவர் எப்போதும் கூப்பிடுவது அப்படித்தானாம். முதலாளி என்றும் கிடையாது, பேரும் கிடையாது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கார் கிரிவலப் பாதையில் திரும்பியது. ஏழுமலையின் சீட்டில் சூடு இல்லை, ஏசியும் முழுசாக ஓடியது. ஆனாலும் அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. நான் கோவிந்தராஜின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விறைப்பாக இருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தலை சீட்டில் சாய்ந்தது. கண் மூடியது.

ஏழுமலை கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திடீரென்று கோவிந்தராஜ் கண்ணைத் திறந்தார். மூக்கை உறிஞ்சினார். ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை கீழே.

"இன்னா இது? வட வாசன வருது."

என் டூல் பை மடியிலிருந்து நழுவியது. சீட் சூடாகச் சூடாக வாசனை ஏறிக்கொண்டே போனது. மிளகு, கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. நான்தான் முந்திக்கொண்டு, "சூடு வட நல்லா போடுற எடம் ஒண்ணு இருக்குதுங்க, போற வழிதான்," என்றேன்.

சங்கர் கடை முன்னால் நிறுத்தினோம். கோவிந்தராஜ் இறங்க மறுத்துவிட்டார். சீட்டை விட்டு எழ மனசில்லை. சங்கர் வாழையிலையில் வடையை வைத்துக் கார் கண்ணாடி வழியாக நீட்டினான். பட்டறை வாசலில் பாய் துணியை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது வடையைப் பிட்டுக்கொண்டே கோவிந்தராஜ் சொன்னார். "இடுப்புக்குச் சூடு, வாய்க்குச் சூடு. எல்லாத்தையும் நெனப்பு வெச்சி செய்றீங்களே, சம்பந்தி!"

சம்பந்தி. ஏழுமலை ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். ஹாரன் நீளமாக அடித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கடையை விட்டு நான் வேறு ஊர்களுக்கும் போனேன், திரும்பியும் வந்தேன். யார் வந்து "இதக் கழட்டிப் போடு" என்று சொன்னாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒன்று கேட்பேன்: இந்தச் சீட்டில் வேறு யார் உட்காருகிறார்கள்? நீங்களும் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள், அதுவும் வடைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. முடிந்த மறுவாரம், சொன்னபடி பிள்ளையாரை நகர்த்திவிடலாம் என்று ஏழுமலையின் மனைவியே காரை அனுப்பி வைத்தார். முன் சீட்டில் கோவிந்தராஜும் கூடவே வந்திருந்தார். நான் கையை நீட்டியதும் பீடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"சாமி மேல கை வெக்காதப்பா. அவரு உக்காந்த எடத்துலயே இருக்கட்டும்."