மேட்டுக் கழனிக்கு ஏறிய தண்ணீர்

கும்மிடிப்பூண்டியில் ஃபேக்டரிகள் கட்ட எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். எங்கள் வீட்டில் அது அண்ணனுக்கு. அந்த வேலை கிடைத்தால்தான் பெண் தருவோம் என்று ஆரம்பாக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

முதல் ஃபேக்டரி பக்கத்திலேயே எழும்பிவிட்டது. எங்கள் நிலத்துக்கு மட்டும் வேலி போட யாரும் வரவில்லை. சும்மா கிடக்கும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நைனாவால் இருக்க முடியுமா? உழுது நட்டுவிட்டார். ஒரு நாள் தலையாரி வந்து, நாளைக்கு ஆள் எடுக்கிறார்கள், விடிந்ததும் ஃபேக்டரி கேட்டுக்கு வந்துவிடு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அதே காலைதான் எங்களுக்கு ஏரித் தண்ணீர் முறை. முறையைத் தவறவிட்டால் பயிர் காயவேண்டியதுதான். எங்கள் ஊரில் ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"நான் மடையாண்ட காவல் நிக்கறேன். நீ ஒத்தப் பனை மேட்டுக்கு மட்டும் தண்ணி ஏத்திட்டுப் போடா. வேல எங்க ஓடிப்பூடும்?" என்றார் நைனா.

"அது இன்னும் நம்ம நெலமா நைனா?" என்று கேட்டுக்கொண்டேதான் அண்ணன் மண்வெட்டியை எடுத்தான். அந்த மேட்டில் தண்ணீர் லேசில் ஏறாது. அவன் காலில் சேற்றோடு ஓடிப்போய் நின்றபோது ஆள் எடுத்து முடித்து, வராதவன் என்று அவன் பேரை அடித்து, கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

கதிர் பால் பிடித்திருந்த சமயம், லாரி லாரியாகக் கிராவல் கொண்டுவந்து பயிர்மேலேயே கொட்டினார்கள். "உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணா" என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கு நைனாமேல் வந்த ஆத்திரம் இன்றுவரை தீரவில்லை.

ஆரம்பாக்கத்துப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் மெட்ராசுக்கு ரயிலேறி ஹார்பரில் மூட்டை தூக்கினான். பிறகு ஒரு மேஸ்திரியோடு பம்பாய்க்குப் போனான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியே போகப் போக, வெளியூர்க்காரர்கள் ஃபேக்டரி வேலைக்கு வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்து அறையில் மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் வாடகைக்கு இருந்தார். தங்கமான மனுஷர். ஆனாலும் அவர் யூனிபார்ம் கொடியில் காய்வதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். அவனையும் அந்த மதுரைக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அம்மா சோறு போட்டாள்.

"உங்க மிஷினு எந்தப் பக்கம் சார்?" என்று அண்ணன் கேட்டான்.

"அந்த ஒத்தப் பனைக்கிட்டங்க. மழை பேஞ்சா கம்பெனி பூராம் தண்ணி நிக்கும். எங்க ஷெட்டு மேட்டுல இருக்கறதால அங்க மட்டும் ஏறவே ஏறாது."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏறும் சார். நான் ஏத்திகீறேன்" என்றான்.

மறுநாள் ரயிலுக்குப் போனவன், அடுத்த பொங்கலுக்கு வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.