முனிக்கு வைத்த பொட்டலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் ஸ்டோரில் இயந்திரம் பார்ப்பவர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற இடத்தை. அங்கே சுழல்கிற பெரிய சக்கரத்தை ரோதை என்போம்; அதற்குக் காவல் ரோதை முனி. யாருடைய கையும் காலும் சக்கரத்தில் சிக்கக்கூடாது என்று வருடம் ஒருமுறை அவருக்குப் படையல் வைப்போம். சேவல், சாராயம், சுருட்டு, கூடவே சின்னப் பொட்டலமாகக் கஞ்சா. நேர்ந்துகொண்டவர் யாராவது அதைக் கொண்டுவந்து சாமிக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். வைத்தது யார் என்று கேட்கிற வழக்கமே இல்லை.

அந்த வருடம் பூசை என் கணவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில், சாராயம், கஞ்சா பிடிக்கிற மதுவரி இன்ஸ்பெக்டர் ஒருவர் ஆட்களோடு வந்து நின்றார். சிங்களவர், ஆனாலும் தமிழ் பேசுவார். பொட்டலத்தைக் காட்டி யாருடையது என்று கேட்டார்.

"சாமியோடதுங்க" என்று கூட்டமே சொன்னது.

அவர் சப்பாத்துக் காலோடு படையலுக்குள் ஓர் எட்டு வைக்கப் போனார். என் கணவர் பதறிவிட்டார். "மிதிச்சுறாதீங்க ஐயா, நானே எடுத்துத் தர்றேன்" என்று குனிந்து, பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

அவ்வளவுதான், நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்கள். கஞ்சா வைத்திருந்த குற்றமாம்!

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. சுருட்டுக்கூடப் பிடிக்காத மனிதர் அவர். குற்றம் உறுதியானால் மறியலுக்கு, அதாவது ஜெயிலுக்கு, போக வேண்டும். தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். பேர் வெட்டினால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். நானோ முழுகாமல் இருந்தேன். எங்கே போய் நிற்பது?

பெரிய கங்காணி பிணை நின்று அவரை வெளியே எடுத்தார். இருவருமாகக் கண்டிக்கு வந்து ஒரு புரொக்டரை, அதாவது வக்கீலை, பார்த்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். கதிரையில் சாய்ந்தபடி முழுக் கதையையும் கேட்டார்.

"பொருள் ஆருடையது எண்டு சட்டம் கேளாது. ஆரின்ரை கையிலை இருந்தது எண்டுதான் முதல் கேக்கும்" என்றார்.

"அப்ப கல்லு மேலயே கெடந்திருந்தா?" என்றேன்.

"ஆரையும் பிடிக்கிறது கஷ்டம்."

"குடுக்கத்தானுங்களே கையில எடுத்தாரு!"

"ஓம், அதைத்தான் நான் கோட்டிலை சொல்லவேணும். அறிஞ்சு தன்ரை பொறுப்பிலை வைச்சிருக்கிறதுதான் குற்றம். ஆனா, பூசைக்குப் பொறுப்பு இவர்தானே எண்டு வழக்குப் போட்டவை மடக்குவினம். ஏன் எடுத்தவர் எண்டதை அந்த இன்ஸ்பெக்டரே ஒத்துக்கொண்டால்தான் தப்பலாம். விளங்குதோ?"

விளங்கியது போலத் தலையாட்டினேன். வெளியே வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது. கையில் இருந்தால் குற்றம். கையில் இருந்தும் குற்றமில்லாமல் போகலாம். பொறுப்பு என்றால் பூசைப் பொறுப்பா, பொட்டலத்தின் பொறுப்பா? கண்டி வாவிக் கரையில் உட்கார்ந்து அழுதேன். இவரோ, "எங் கையில இருந்துச்சே புள்ள, இல்லேன்னு எப்புடிச் சொல்றது?" என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தார். வந்த கோபத்தில் அவரை வாவிக்குள் தள்ளியிருப்பேன்.

வழக்கு நாளில் இன்ஸ்பெக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார். பிடித்தவரே விட்டுக்கொடுப்பாரா? அவர் குடும்பம் விளங்காமல் போக என்று மனசுக்குள் சபித்துக்கொண்டே நின்றேன். பொட்டலத்தை முதலில் எங்கே கண்டீர்கள் என்று புரொக்டர் கேட்டார். கல்லின் மேல் என்றார். என் கணவர் அதை ஏன் கையில் எடுத்தார் என்பது அடுத்த கேள்வி. இன்ஸ்பெக்டர் கோர்ட்டு வழக்கப்படி இங்கிலீஷில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது என்னால் நம்பவே முடியவில்லை.

"நான் சப்பாத்துடன் படையலை மிதிக்கப் போனேன். அதைத் தடுக்கவே எடுத்துத் தந்தார். நான் காலை வைக்கப் போகாவிட்டால் அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார்."

நீதவான் என் கணவரை விடுதலை செய்தார்.

வெளியே ஓடிப்போய் இன்ஸ்பெக்டரை மறித்தேன். "இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு ஏங்கய்யா புடிச்சீங்க?"

"கஞ்சாவோட ஆளைக் கண்டா விட்டுட்டுப் போக எனக்கு ஏலாது. கோட்டுல கேட்டா பொய் சொல்லவும் ஏலாது" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கும்பிடுவதா, திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அதன் பிறகு பொட்டலம் இல்லாமலே முனிக்குப் படைத்தோம். கையில் இருப்பது எது, பொறுப்பில் இருப்பது எது என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் நான் மனசாரச் சபித்த ஒரு மனிதர், தன் கால் செய்யப் போன தவற்றைச் சபையில் தானே சொல்லி, பிறக்கப் போகிற என் பிள்ளைக்கு அப்பாவைத் திருப்பித் தந்தாரே, அதை விளங்கிக்கொள்ள எனக்கு எந்தப் புரொக்டரும் வேண்டியிருக்கவில்லை.